புது உணவைத் தொட மறுக்கும் பயந்த ஃபெரட்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கிண்ணத்தில் நல்ல தீவனம் இருக்கிறது. ஃபெரட் (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள, இறைச்சி தின்னும் சின்ன வளர்ப்புப் பிராணி) வருகிறது, ஒருமுறை முகர்கிறது, திரும்பிப் போய்த் தொட்டிலுக்குள் சுருண்டுகொள்கிறது. பார்க்கிற நமக்கு அது பிடிவாதம் மாதிரித் தெரியும். ஆனால் தன் முன்னால் இருப்பது சாப்பாடு என்பதே அதற்குத் தெரியவில்லை. குட்டியாக இருக்கும் முதல் ஆறு மாதத்துக்குள் எந்த வாசனைகளோடு பழகியதோ, பெரும்பாலும் அவற்றைத்தான் ஒரு ஃபெரட் வாழ்நாள் முழுக்கச் சாப்பாடு என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் வாசனை எதுவும் அதற்கு ஒரு பொருள், அவ்வளவுதான். இயல்பிலேயே மிரளும் ஃபெரட்டாக இருந்தால், அந்தப் பொருளைக் கண்டு பயமும் சேர்ந்துகொள்ளும்.

என் ஃபெரட் மிளகு இரண்டு வயதில்தான் என்னிடம் வந்தாள். வந்த முதல் நாளே, நல்லது செய்வதாக நினைத்து, அவள் பழகிய தீவனத்தில் புதியதைக் கால் பங்கு கலந்தேன். அன்று இரவு முழுக்க அவள் கிண்ணத்துக்கு அருகில்கூட வரவில்லை. புது வீடு, புது ஆட்கள், புது ஓசைகள் என்று எல்லாம் மாறிப்போன நிலையில் அவளுக்குத் தெரிந்த ஒரே பொருள் அந்தப் பழைய தீவனம்தான். அதிலும் நான் கை வைத்துவிட்டேன். காலையில் பழையதை மட்டும் தனியாக வேறு கிண்ணத்தில் வைத்த பிறகுதான் தின்றாள். அன்றிலிருந்து நான் விடாமல் கடைப்பிடிப்பது இதுதான்: புதியதைத் தானாகக் கடிக்கும்வரை, பயந்த ஃபெரட் நம்பும் கிண்ணத்தில் எதையும் கலக்கக் கூடாது. புதியது பக்கத்தில் தனியாக வரட்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

ஒரு டிஜிட்டல் சமையலறைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவுக்குள் ஃபெரட்டை விட்டு, தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். பெண் ஃபெரட் பெரும்பாலும் 600 கிராமிலிருந்து 1 கிலோ வரை இருக்கும், ஆண் 1 முதல் 2 கிலோ வரை. இவ்வளவு சின்ன உடம்பில் 50 கிராம் குறைவதும் பெரிய விஷயம், அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது கடிகாரம். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சொல்வோம். அதை நம்பி ஃபெரட்டைப் பட்டினி போட்டுப் பழக்க நினைக்காதீர்கள். அதன் குடல் மிகக் குட்டையானது, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும், கல்லீரலில் கொழுப்பு சேரும். வளர்ந்த ஃபெரட் 12 மணி நேரம் எதையுமே தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டியோ, மூன்று நான்கு வயதைத் தாண்டியதோ என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

புதிதாக வீட்டுக்கு வந்த ஃபெரட் என்றால் குறைந்தது இரண்டு வாரம் பழைய தீவனமே கொடுங்கள். அது தரக்குறைவானதாக இருந்தாலும் பரவாயில்லை. பயத்தால் வயிற்றில் புண் வரக்கூடிய பிராணி இது. வீட்டையும் சாப்பாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது

பயத்தின் அடையாளம் எதுவும் இல்லாமல், வெறுமனே அக்கறை இல்லாமல் போகிறது என்றால் வேலை எல்லாம் வாசனையில்தான்.

புது உலர் தீவனத்தை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, பழைய தீவனம் இருக்கும் டப்பாவுக்குள் நான்கைந்து நாள் வைத்து மூடிவிடுங்கள். வாசனை ஏறிக்கொள்ளும். பழையதில் ஒரு கைப்பிடியை மிக்ஸியில் பொடியாக்கி, புதியதன் மேல் தூவலாம். வெந்நீர் கொஞ்சம் விட்டு ஊறவைத்தால் கொழுப்பின் வாசனை எழும்பும். விரலை வைத்துப் பார்த்தால் உடம்புச் சூடு அளவுக்கு இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். ஊறவைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாதீர்கள்.

இதைப் பழைய கிண்ணத்திலிருந்து இரண்டடி தள்ளி, வேறு தட்டில் வையுங்கள். முதல் சில நாள் அது தின்ன வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அருகில் வந்து முகர்ந்தாலே அன்றைய வேலை முடிந்தது. முகர்வது நக்குவதாக மாறிய பிறகு இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்துங்கள். தானாக ஒரு துண்டை எடுத்துக் கடித்த பிறகுதான் கலக்கத் தொடங்க வேண்டும். முதலில் பத்தில் ஒரு பங்கு, மூன்று நாள் கழித்துப் பத்தில் இரண்டு, இப்படிப் போகட்டும். தைரியமான ஃபெரட்டுக்கு ஏழு பத்து நாளில் முடியும் வேலை, பயந்ததற்கு ஒன்றரை மாதம்கூட ஆகலாம். மிளகுக்கு ஐந்து வாரம் ஆனது.

பச்சை இறைச்சிக்கு மாற்றுகிறீர்கள் என்றால் இன்னும் பொறுமை வேண்டும், ஏனென்றால் வாசனை மட்டுமல்ல, வாயில் படும் பதமே வேறு. நன்றாக அரைத்த இறைச்சியில் வெந்நீர் விட்டு, சூப் பதத்தில் கரைத்து, பழைய தீவனப் பொடியைச் சேர்த்துக் கரண்டியில் நீட்டுங்கள். பிடரியைப் பிடித்துத் தூக்கி வாயில் தடவும் முறையைப் பலர் சொல்வார்கள். அது வேலை செய்யும், நான் மறுக்கவில்லை. ஆனால் மிரளும் ஃபெரட்டிடம் அப்படிச் செய்தால் சாப்பாட்டோடு சேர்த்து உங்கள் கையையும் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ளும். மேல் உதட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு படும்படி வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். நக்கினால் அடுத்த சொட்டு, தலையை உதறினால் அன்றைக்குப் போதும்.

கிண்ணத்தைத் தோண்டுகிறது, கவிழ்க்கிறது

புதியதைத் தள்ளிவிட்டு அடியில் பழையது இருக்கிறதா என்று தேடுகிறது. கலவையில் புதியதன் அளவு கூடிவிட்டது என்று பொருள், ஒரு படி பின்னால் போங்கள். கனமான பீங்கான் கிண்ணம் வைத்தால் கவிழாது. திட்ட வேண்டாம், தண்டிக்கவும் வேண்டாம்.

பழையதை மட்டும் பொறுக்கித் தின்கிறது

இது நல்ல செய்திதான், புதியதைக் கண்டு அதற்குப் பயமில்லை. இரண்டையும் சேர்த்துப் பொடித்து, வெந்நீரில் குழைத்துக் கொடுத்தால் பொறுக்க முடியாது. சில நாள் கழித்து மெல்ல மெல்லத் துண்டுகளாக மாற்றிக்கொள்ளலாம். மேலே இரண்டு சொட்டு மீன் எண்ணெய் விடலாம், தினமும் தாராளமாக ஊற்ற வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடினமான துண்டுகளை விட்டுவிட்டு ஊறியதை மட்டும் தின்றால் அது ருசி சம்பந்தப்பட்டதாக இல்லாமல் பல்வலியாகவும் இருக்கலாம். உதட்டை மெல்லத் தூக்கி, கோரைப் பல் உடைந்திருக்கிறதா, ஈறு சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாம் இருக்கும்போது தின்பதில்லை

வால் முடி பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிலிர்த்து நிற்கிறதா, முதுகை வளைத்துப் பின்வாங்குகிறதா, சீறுகிறதா? அப்படியானால் சிக்கல் தீவனத்தில் இல்லை, கிண்ணம் இருக்கும் இடத்தில் இருக்கிறது. நடமாட்டம் உள்ள இடம், சலவை எந்திரத்தின் அதிர்வு, நாயோ பூனையோ பார்க்கும் தூரம், இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும்.

ஃபெரட் குழிகளில் வாழும் விலங்கின் வழிவந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், தலைக்கு மேல் மறைப்பு இருக்க வேண்டும், ஓடி ஒளிய இன்னொரு வழியும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டிக்குள் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள். மிளகு முதன்முதலில் புதியதைத் தின்றது அப்படி ஒரு செருப்பு டப்பாவுக்குள்தான். நான் அறைக்கு வெளியே உட்கார்ந்து அந்த மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே போய்ப் பார்க்கத் துடித்தும் போகவில்லை.

நேரமும் முக்கியம். ஃபெரட் ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். தூங்கி எழுந்த உடனே பசி இருக்கும், கழிக்கவும் போகும். புதியதை வைக்க அதுதான் சரியான நேரம். தூக்கத்திலிருந்து எழுப்பி ஊட்டாதீர்கள்.

இரண்டு மூன்று ஃபெரட் இருந்தால், கிண்ணத்தை ஒன்று காவல் காக்கிறதா என்றும் பாருங்கள். தலைக்கு ஒன்றுக்கு மேலாகவே கிண்ணங்கள் வேண்டும், ஒன்றுக்கொன்று தெரியாத மூலைகளில். அதே சமயம், புது உணவைத் தயங்காமல் தின்னும் தைரியசாலி ஒன்று இருந்தால் அது பக்கத்தில் தின்பதைப் பயந்தது பார்க்கட்டும். நான் சொல்லும் எந்த உபாயத்தையும்விட இது நன்றாக வேலை செய்யும்.

தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைக்கிறது

ஒளித்து வைத்தால் அதைச் சாப்பாடு என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. சந்தோஷப்படுங்கள். ஆனால் கிண்ணம் காலியானதைப் பார்த்து, தின்றுவிட்டது என்று கணக்கு எழுதிவிடாதீர்கள். சோபாவின் அடி, போர்வை மடிப்பு, விளையாட்டுக் குழாயின் வளைவு எல்லாம் தேடுங்கள். உலர் தீவனம் இருந்தால் கொஞ்சம் விட்டுவையுங்கள், முழுக்கப் பறித்தால் பதற்றம் கூடும். ஊறியது, இறைச்சி என்றால் அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

மலம் மாறிவிட்டது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். மூன்று நான்கு மணி நேரத்தில் தின்றது வெளியே வருகிறது என்று சொன்னேன் அல்லவா? அதனால் மலம் ஒரு நாட்குறிப்பு மாதிரி. காலையில் புதியதைத் தின்று மதியம் இளகிப் போனால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். என்ன தின்றது, எத்தனை மணிக்கு, எப்படிப் போனது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்தத் தாளையும் எடுத்துப் போகலாம்.

கொஞ்சம் இளகி, பழுப்பாக, ஃபெரட் விளையாடிக்கொண்டும் இருக்கிறது என்றால் கலவையில் ஒரு படி பின்னால் போய் மூன்று நாள் நில்லுங்கள். பறவைத் தானியம் சிதறியது போல வெளிர் மஞ்சள் மணிகள் தெரிந்தால் கொழுப்போ மாவுச்சத்தோ சரியாகச் செரிக்கவில்லை. வாங்கிய தீவனத்தின் உறையைத் திருப்பிப் படியுங்கள். முதல் சில பொருட்கள் இறைச்சியாக இருக்க வேண்டும். புரதம் 30 முதல் 40 சதவீதம், கொழுப்பு 15 முதல் 20 அல்லது கொஞ்சம் மேல், நார்ச்சத்து 3 சதவீதத்துக்குள். பட்டாணி, சோளம், உருளைக்கிழங்கு முன்வரிசையில் இருந்தால் அந்தத் தீவனத்துக்கு மாறவே வேண்டாம். ஃபெரட்டுக்குப் பெருங்குடல்வாய்ப் பை என்ற உறுப்பே கிடையாது, தாவர நாரைப் புளிக்கவைத்துச் செரிக்க அதற்கு இடமில்லை. தாவரப் புரதம் அதிகமானால் சிறுநீரின் காரத்தன்மை கூடிச் சிறுநீர்ப்பையில் கல் உருவாகவும் வாய்ப்புண்டு. நாய்த் தீவனத்தை இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

பச்சை நிறத்தில், சளி மாதிரி வழவழப்பாக ஒரே ஒரு முறை போனால், சாப்பிடாமல் இருந்ததாலோ பயத்தாலோ இருக்கலாம். அடுத்தடுத்து அப்படியே போனால், அல்லது அண்மையில் இன்னொரு ஃபெரட் வீட்டுக்கு வந்திருந்தால், குடலைத் தாக்கும் கொரோனா வகை வைரஸாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் போங்கள், உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். பின்கழுத்துத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்றாலோ ஈறு பிசுபிசுத்தாலோ நீர் வற்றியிருக்கிறது.

கறுப்பாக, தார் மாதிரி ஒட்டினால் வயிற்றில் ரத்தம் கசிகிறது. பயந்த ஃபெரட்டுக்கு இது ஏற்பட வாய்ப்பு அதிகம். ஹெலிகோபாக்டர் மஸ்டெலே என்ற பாக்டீரியா நிறைய ஃபெரட்டுகளின் வயிற்றில் சும்மா இருக்கும், மன அழுத்தம் வந்தால் தலைதூக்கிப் புண்ணாக்கும். உணவு மாற்றத்தை அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். பச்சை இறைச்சி தின்னும் ஃபெரட்டின் மலம் இயல்பாகவே கொஞ்சம் கருத்து, அளவும் குறைவாக இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஈரல் போன்ற உள்ளுறுப்பு அதிகமானாலும் கருத்து இளகும், உறுப்புகள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். வெளுத்துப் பொடிந்தால் எலும்பு அதிகம். வேகவைத்த எலும்பு மட்டும் எப்போதும் வேண்டாம், கூராக உடைந்து குடலைக் குத்தும்.

பென்சில் மாதிரி மெலிந்து, முக்கி முக்கிப் போனால் குடலில் ஏதோ பாதி அடைத்திருக்கிறது. இளம் ஃபெரட் ரப்பரைக் கடித்து விழுங்கும், வயதானதற்கு முடி உருண்டை சேரும். அவசரம்.

மனிதருக்கான வயிற்றுப்போக்கு மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் ஃபெரட்டுக்கு விஷம்.

பல்லை நறநறக்கிறது, வாயைப் பிறாண்டுகிறது, வாந்தி எடுக்கிறது

புதியதன் ருசி பிடிக்காமல் வாயைத் துடைப்பதும் உண்டு, அது ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். கிண்ணத்தின் பக்கம் போனாலே பிறாண்டுகிறது, எச்சில் வழிகிறது, பல்லை நறநறக்கிறது என்றால் குமட்டலோ வயிற்று வலியோ இருக்கிறது. வயிறு வலிக்கும்போது எந்த உணவைக் கொடுத்தீர்களோ, அதையே பிறகு வெறுக்கும். அதனால் இந்த நிலையில் புதியதைக் காட்டவே காட்டாதீர்கள். ஒன்றுக்கு மேல் வாந்தி வந்தால் அடைப்பைச் சந்தேகித்து உடனே கிளம்புங்கள். அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை சிரிஞ்சில் கட்டாயமாக ஊட்டவும் கூடாது.

வெறித்துப் பார்க்கிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது

இதைப் பயம் என்று நினைத்து விட்டுவிடுவது நடக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட ஃபெரட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலினோமா என்ற கட்டி வருவது சாதாரணம். அது இன்சுலினை அளவுக்கு மேல் சுரக்கும், ரத்தச் சர்க்கரை விழும். உணவு மாற்றத்தின்போது வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்பதால், அதுவரை மறைந்திருந்தது வெளியே தெரியவரும்.

மயக்கமாக இருந்தால், விழுங்க முடிகிற நிலையில், விரல் நுனியில் ஒரு துளி தேனை ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரலை விடாதீர்கள், கடித்துவிடும். தெளிந்த உடனே அது ஏற்கெனவே பழகிய இறைச்சி உணவைக் கொஞ்சம் கொடுத்து, நேரே மருத்துவரிடம். தேன் அந்த நேரத்துக்கு மட்டும்தான். தினமும் இனிப்புக் கொடுத்தால் இன்சுலின் இன்னும் சுரந்து நிலைமை மோசமாகும். புது உணவுக்கு இழுக்க இனிப்பு பிஸ்கட், உலர் திராட்சை, பால் என்று ஆசை காட்டுவதும் வேண்டாம். திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிட்டால் சேர்ந்த எதுவும் அதன் வாயருகே போகக் கூடாது.

தின்கிறது, ஆனால் எடை குறைகிறது

தொடக்க எடையில் 5 சதவீதம் குறைந்தால் பழைய தீவனத்தைக் கூட்டுங்கள், 10 சதவீதம் என்றால் மாற்றத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பருவமும் கணக்கில் உண்டு. கருத்தடை செய்யாத ஃபெரட், குறிப்பாக ஆண், குளிர்காலத்தில் கொழுத்து வெயில் காலத்தில் இளைக்கும், அந்த வித்தியாசம் 30, 40 சதவீதம் வரைகூடப் போகும். முடிந்தால் அந்தப் பருவ மாற்றத்தின் நடுவில் உணவு மாற்றத்தைத் தொடங்காதீர்கள், எதனால் இளைத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

நன்றாகத் தின்றுகொண்டிருந்தது, திடீரென்று நிறுத்திவிட்டது

முதலில் பையைப் பாருங்கள். புதுப் பை திறந்தீர்களா? தயாரிப்பாளர் கலவையை லேசாக மாற்றினால்கூட ஃபெரட் கண்டுபிடித்துவிடும். பழைய பை தீரும் முன்பே புதியதை வாங்கி, கடைசி ஒரு வாரம் இரண்டையும் கலந்துவிடுவது என் வழக்கம். கொழுப்பு காறிப்போயிருந்தாலும் ஒதுக்கும், பை திறந்து ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கிண்ணம் கழுவும் சோப்பை மாற்றியிருந்தால் அதையும் சந்தேகியுங்கள்.

அப்புறம், வீட்டில் யாருக்காவது சளிக்காய்ச்சல் இருக்கிறதா? மனிதருக்கு வரும் இன்ஃப்ளூயன்ஸா ஃபெரட்டுக்கும் தொற்றும். 1933இல் விஞ்ஞானிகள் அந்த வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே நோயாளிகளின் தொண்டை நீரை ஃபெரட்டுகளின் மூக்கில் விட்டுத்தான். பறவைக் காய்ச்சலும் அதைத் தாக்கும் என்பதால், அது பரவும் காலத்தில் பச்சைக் கோழி கொடுப்பதை நிறுத்துங்கள், உறைய வைப்பதால் வைரஸ் சாகாது. மூக்கடைத்த ஃபெரட்டுக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் அது நன்றாகப் பழகிய உணவும் மறுபடி வெறும் பொருளாகிவிடும். தும்மலோடு சாப்பாட்டையும் நிறுத்தினால் மூச்சைக் கவனித்து மருத்துவரிடம் காட்டுங்கள். குளிக்கும்போது நீராவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் அதைக் கூடவே வைத்திருந்தால் மூக்கு கொஞ்சம் திறக்கும், உடனே வெதுவெதுப்பான சூப்பை நீட்டிப் பாருங்கள். உங்களுக்கே காய்ச்சல் என்றால் முகத்தை மூடிக்கொண்டு ஊட்டுங்கள், அல்லது அது பயப்படாத இன்னொருவரிடம் கரண்டியைக் கொடுத்துவிடுங்கள்.